புதிய பாத்திரம் புனைதல்: கூத்துக்களரி முதல் இணைய விளையாட்டு வரை

1. முன்னுரை

புதுச்சேரி நகரிலிருந்து சென்னைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டை அடுத்துக் கனகசெட்டிக்குளம் என்னும் ஊர் உள்ளது. பழைய பிரெஞ்சு ஆட்சிப் பகுதியின் வட எல்லையைச் சார்ந்த இவ்வூர் கடலை ஒட்டியது. மீன்பிடி தொழிலால் வாழும் குடும்பங்களை உடையது. 1985-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இதற்கு அண்மையில் அமைந்திருக்கிறது. ஊரின் பெயர், கனகசெட்டி என்னும் ஆட்பெயரும் குளம் என்னும் நீர்நிலைப் பெயரும் கூடி அமைந்தது. அண்மையிலுள்ள கணபதிசெட்டிக்குளம் என்னும் பெயரும் அவ்வாறே அமைந்தது. ஒருவர் பெயர் அவரைக் கடந்து நிலைபெறுதற்கு இவ்வூர்ப் பெயர்கள் சான்றாகும்.

இவ்வூரில் மீனவர் குடும்பத்து இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தபோது, கல்லூரி மாணவர் ஒருவர் கணினியின்முன் அமர்ந்து நெடுநேரம் சிந்தனையில் ஆழ்ந்திருத்தலைக் கண்டோம். அவர் இணைய விளையாட்டு ஒன்றிற் புகுதற்குப் புதிய பாத்திரம் ஒன்றைப் புனைந்துகொண்டிருந்தார். பல நாட்டார் ஒரே பொழுதிற் புகுந்து ஆடும் கற்பனை உலகம் அது. மண்ணிற் காணாத இனங்களும் மந்திரமும் படைக்கலங்களும் அவ்வுலகத்தில் உள்ளன. அதில் புகுவோர் தம் பெயராற் புகுதல் இயலாது. தாம் அல்லாத ஒருவராகவே புகுதல் வேண்டும். மாணவர் முதலில் 'கர்ணன்' என்று பெயரிட்டார். அப்பெயர் முன்னரே பிறரொருவரால் கொள்ளப்பட்டது என்ற விடை வந்தது. வேறு பெயர் தேடினார். பின்னர் இனம், தொழில், தோற்றம், ஆற்றல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தார். இறுதியாகப் பாத்திரத்தின் முன்கதையை எழுதுமாறு ஓர் இடம் விடப்பட்டிருந்தது. அதில் அவர், தம் வீரன் மலைநாட்டிற் பிறந்த வில்லாளன் என்றும், கடலுக்கு அஞ்சுபவன் என்றும் எழுதினார்.

இத்தகைய செயல் மேனாட்டார் தந்த புதுமை. தமிழ் மரபுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பார் ஒருசாரார். இது வெறும் பொழுதுபோக்கு. விரும்பியவாறு புனைந்து விரும்பியபோது அழித்துவிடலாம். ஆராய்தற்கு இதில் யாதுமில்லை என்பார் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பது எம் கருத்து. தானல்லாத ஒருவராகப் புகுதற்குரிய நெறிமுறைகளைத் தமிழர் நெடுங்காலமாக வகுத்து வந்துள்ளனர். அந்நெறிகளை நோக்கின், புதிய பாத்திரம் புனைபவர் விருப்பத்தால் மட்டும் உயிர்பெறுவதில்லை என்பதும், புகும் உலகத்தின் விதியும் உடனிருப்போரின் ஏற்புமே அதற்கு உயிரளிக்கின்றன என்பதும் விளங்கும். ஆதலின் அது விளையாட்டேயாயினும் பொறுப்பை உடையது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. விளையாட்டின் வரலாறு

இணைய விளையாட்டுகளில் பாத்திரம் புனையும் முறை கணினியில் தோன்றியதன்று. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிய ஆட்டத்தில் தோன்றியது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். அதில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு பாத்திரமாகப் பேசுவர். நடுவர் ஒருவர் உலகத்தை விரித்துரைப்பார். பாத்திரத்திற்கு வலிமை, அறிவு, தெளிவு, உடலுறுதி, கைத்திறம், பிறரை ஈர்க்கும் இயல்பு என ஆறு தன்மைகள் உண்டு. ஒவ்வொன்றின் அளவும் மூன்று பகடைகளை உருட்டுதலால் 3 முதல் 18 வரை அமையும். போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூவகைத் தொழில்களுள் ஒன்றைப் பாத்திரம் கொள்ளும்.

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர், பலர் ஒருங்கே புகும் கற்பனை உலகம் ஒன்றைக் கணினியில் அமைக்கத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்தார். அதில் படங்கள் இல்லை, எல்லாம் எழுத்தே. 1997-இல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்', 2004-இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' முதலியன அவ்வுலகங்களைப் படங்களாலும் ஓசையாலும் நிரப்பின.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று கருதத்தக்கது. ஆட்டக்காரர் கொள்ளும் வடிவத்தை இன்று உலகெங்கும் 'அவதார்' என்கின்றனர். இறங்குதல் என்னும் பொருளுடைய அவதாரம் என்ற வடசொல்லே இது. 1985-இல் ரிச்சர்ட் கேரியட் அமைத்த 'அல்டிமா' வரிசையின் நான்காம் விளையாட்டு இச்சொல்லைக் கொண்டது. அவ்விளையாட்டில் ஆட்டக்காரர் தம் தொழிலைத் தாமே தேர்வதில்லை. நாடோடிக் குறிசொல்லி ஒருத்தி அறநெறி முரண்களை ஒன்றன்பின் ஒன்றாக வினவுவாள். வாய்மைக்கும் இரக்கத்திற்கும் முரண் எழுமிடத்து எதனைக் கொள்வாய் என்பது போன்ற வினாக்கள் அவை. அவற்றிற்குத் தரும் விடையால் பாத்திரம் உருவாகும். புனைபவரின் உள்ளமே புனைவின் முதற்பொருள் என்பதை இது காட்டுகின்றது.

தமிழில் இப்பொருளுக்கு வேடம், கோலம், பாத்திரம் என்னும் சொற்கள் வழங்குகின்றன. வேடமும் கோலமும் புறத்தோற்றத்தைச் சுட்டுவன. பாத்திரம் என்பது கலத்தையும் குறிப்பது. தன்னுள் ஒன்றை ஏற்று நிற்பது. கலம் வெறுமையாக இருப்பின் பயனில்லை. அளவு கடந்து ஊற்றினும் வழிந்தோடும். இவ்வொப்புமை பின்னர்ப் பயன்படும்.

3. பெயர்

புதிய பாத்திரத்திற்கு முதற்கண் வேண்டுவது பெயர். ஆயின் தமிழின் மிகப் பழைய பாத்திரங்கள் பெயரில்லாதவை. அகத்திணைப் பாடலில் இன்னார் என்று ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. சங்கப் புலவர் தம் கூற்றாகப் பாடாது, தலைவி, தோழி, செவிலி, தலைவன், பாங்கன் என்னும் மாந்தருள் ஒருவராக நின்றே அகம் பாடினர். ஆடவராகிய புலவர் பலர் தலைவியாகவும் தோழியாகவும் நின்று பாடிய பாடல்கள் குறுந்தொகை முதலிய தொகைகளில் மிகுதி. தானல்லாத ஒருவராகப் பேசுதல் தமிழ்க் கவிதையின் அடித்தளமாக இருந்தது என்பது இதனாற் பெறப்படும். பெயர் இன்மையால் யாரும் அம்மாந்தருட் புகலாம். நெடுநல்வாடையில் வேம்பு என்னும் அடையாளப்பூ சுட்டப்பெற்றதனாலேயே அதனைப் புறம் என்று உரையாசிரியர் கொண்டனர். அடையாளம் வந்த அளவிலேயே பாத்திரம் தனியொருவரின் உடைமையாகிவிடுகின்றது.

கூத்துக்களரியிலோ பெயரே முதன்மையானது. புதுச்சேரியைச் சூழ்ந்த வடதமிழகப் பகுதிகளில் வழங்கும் தெருக்கூத்தில், பாத்திரம் நேரே அவையில் தோன்றுவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். அதன்பின் வேடக்காரர் நின்று தம் வருகையைப் பாடுவார். கட்டியக்காரன் அவரை யாரென்று வினவுவான். அவர் தம் பெயர், குலம், நாடு, பெருமை ஆகியவற்றை எடுத்துரைப்பார். துரியோதனன் முகம் அவையோர் பலமுறை கண்டதே. ஆயினும் அவன் தன்னை இன்னான் என்று கூறிய பின்னரே துரியோதனன் ஆகின்றான். இணைய விளையாட்டிற் பெயரும் முன்கதையும் எழுதிய பின்னரே உள்ளே புகவிடும் முறையும் இதனோடு ஒத்தது.

பெயர் கொள்ளுதல் விளையாட்டளவில் நில்லாது வாழ்க்கையாகவே அமைந்த நிகழ்ச்சியும் இந்நிலத்தில் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் பிரெஞ்சு அரசு வெளியிட்ட ஆணையின்படி, பிரெஞ்சிந்தியர் தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியற் சட்டத்தை ஏற்கலாம். அவ்வாறு துறப்பவர் தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்தல் வேண்டும். அத்துறவு மீட்கவொண்ணாதது. இவ்வியக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-இல் மேனாட்டுக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தமைக்காகத் தடுக்கப்பெற்று, அதனை எதிர்த்து வழக்காடி வென்றவர் அவர். அவர் கொண்ட குடும்பப் பெயர் 'லப்போர்த்' என்பது. பிரெஞ்சு மொழியில் அதற்கு வாயில் என்பது பொருள். துறந்தோருள் சாதியின் கீழ்நிலையில் வைக்கப்பெற்றோரும் கிறித்தவரும் பலர். ஒரு தாளிற் புதுப்பெயர் எழுதுதல் அவர்க்குச் சமநிலையை வேண்டும் செயலாயிற்று.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின், கூத்தில் கொண்ட பெயர் விடியலில் நீங்கும். விளையாட்டிற் கொண்ட பெயரை அழிக்கலாம். சட்டத்தின்முன் கொண்ட பெயரை மீட்க இயலாது. ஆயினும் மூன்றிடத்தும் வேட்கை ஒன்றே. பிறப்பு அளித்ததை விடுத்துத் தான் தேர்ந்ததைக் கொள்ளுதலே அவ்வேட்கை என்க.

4. அளவும் குறையும்

பெயரை அடுத்து வேண்டுவது அளவு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் அமைய வேண்டிய ஒப்பினைப் பத்தாக வகுத்தார். பிறப்பும் ஆண்டும் உருவும் நிறையும் அருளும் அப்பத்தினுள் அடங்குவன. அம்மாந்தர்பால் இருத்தலாகாத இயல்புகளையும் அவர் தனியே தொகுத்துரைத்தார். உள்ளவை இவை, இல்லாதவை இவை என்று வரையறுத்த பின்னரே மாந்தர் பேசத் தொடங்குகின்றனர். பகடையால் அளந்த ஆறு தன்மைகளை இதனோடு வைத்து எண்ணின், நோக்கம் வேறாயினும் முறை ஒன்றாதல் புலனாகும்.

மேடை நாடகத்தில் இவ்வரையறை தொழிற்பிரிவாக வளர்ந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழங்கும் 'பார்ட்' என்னும் சொல்லாட்சி அதற்குச் சான்று. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று நடிகர் பிரிவுபட்டனர். ராஜபார்ட்டுக்குரிய பாட்டும் நடையும் வேறு; பபூனுக்குரிய உரிமை வேறு. விளையாட்டில் போர்வீரன் மந்திரம் ஓதலாகாது என்பதும், மந்திரவாதி கனத்த கவசம் அணியலாகாது என்பதும் இத்தகைய பிரிவே.

வரையறை பாத்திரத்தைச் சுருக்கிவிடாதோ என்று ஐயுறலாம். கூத்தின் வரலாறு அதற்கு மாறான விடையைத் தருகின்றது. வடதமிழகக் கூத்தில் பெரிதும் விரும்பப்பெறுவது 'கர்ண மோட்சம்'. வென்றவன் அருச்சுனன், ஆயின் அவை கலங்குவது கர்ணனுக்காக. கவசம் இழந்தவனும் தேர்க்கால் புதைந்தவனும் ஆகிய கர்ணனிடத்தே நடிகருக்கு வேலை உண்டு. இணைய விளையாட்டிற் பாத்திரம் புனைவோரும் இவ்வுண்மையைத் தாமே கண்டுணர்ந்துள்ளனர். எல்லா ஆற்றலும் நிரம்பிய குறையற்ற பாத்திரத்தை அவர்கள் நகைப்பர். அதனோடு ஆட ஒருப்படார். பாத்திரம் ஏற்று நிற்கும் கலம் என்று முன்னர்க் கூறினோம். பிறர் வந்து ஊற்றுதற்கு இடமில்லாத கலம் யாருக்கும் உதவாது. குறை என்பது பிறர் புகுதற்கு விட்ட வாயில் எனலாம்.

5. பழைய உலகிற் புதிய பாத்திரம்

முன்னரே அமைந்த உலகத்தில் புதிய பாத்திரம் ஒன்று புகுந்து, அவ்வுலகத்தையே மாற்றிவிட்டமைக்குத் தமிழில் தலைசிறந்த எடுத்துக்காட்டு உண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரின் வரலாற்றைப் பாடினார். அதில் ஆதனூர் உண்டு, திருப்புன்கூர் உண்டு, தில்லை உண்டு. நாளைப் போவேன் என்று நாள் கடத்தும் அடியாரின் உள்ளப் போராட்டமும் உண்டு. ஆயின் அவரைத் தடுக்கும் நிலக்கிழார் எவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கும் அடியாரையே சேக்கிழார் காட்டுகின்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றியபோது, வேதியர் என்னும் புதிய பாத்திரத்தைப் படைத்தார். பண்ணையாள் சிதம்பரம் செல்ல விடை கேட்கின்றான், ஆண்டை மறுக்கின்றார், செய்துமுடிக்க இயலாத உழவு வேலையைக் கட்டளையாக இடுகின்றார், அவ்வேலை இறையருளால் ஓரிரவில் முடிகின்றது, ஆண்டை நந்தனின் காலில் விழுகின்றார். மூலத்தில் இல்லாத இவ்வொருவரால் கதையின் பொருளே வேறாயிற்று. உள்ளத்தில் இருந்த தடை களத்துமேட்டில் நிற்கும் தடையாயிற்று. நந்தனின் அடிமை நிலை, அவை கேட்கும்படி பேசப்பெற்றது.

இக்கீர்த்தனை நூல் அச்சேறியமைக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அலுவலர் ஒருவரின் ஆதரவால் 1860-களின் தொடக்கத்தில் இது வெளிவந்தது. புலமையுலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கண வழுக்களைக் கருதி இதற்குச் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கினார், பின்னர் அளித்தார். மக்களோ தயங்கவில்லை. 1935-இல் வெளிவந்த திரைப்படத்தில் வேதியராகத் தோன்றியவர் இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். வேதியர் சேக்கிழார் படைத்தவரல்லர் என்பதைக் கேட்டு வியப்போர் இன்றும் பலர். அவையின் ஏற்பு, புனைவை மரபாக்கிவிட்டது.

அதே திரைப்படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். பெண்ணொருவர் ஆணாகவும், தாழ்த்தப்பெற்ற குலத்து அடியாராகவும் தோன்றியமைக்கு ஓரிலட்ச ரூபாய் ஊதியமாக அளிக்கப்பெற்றது. கூத்திற் பெண்வேடத்தை ஆடவரே புனைந்தனர். பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர் புனைந்தனர். எவர் எவராகலாம் என்னும் வினாவிற்கு விடை எளிதாக அமைந்ததில்லை. இன்று ஒரு மாணவி மீசையுடைய மறவனாகவோ, ஒரு மீனவர் மகன் மலைநாட்டு வில்லாளனாகவோ ஒரு நொடியிற் புகமுடிகின்றது. இவ்வுரிமை முன்னையோர் பெரும் இடர்ப்பட்டு அடைந்தது என்பதை மறத்தலாகாது.

6. உடனாடுவோர்

பாத்திரத்திற்கு உயிரளிப்பது உடனிருப்போரின் ஏற்பு என்றோம். இதற்குத் தெளிவான சான்று 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் மரபில் உள்ளது. மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் பெரிதும் வழங்கும் இந்நாடகத்தில் நடிகர் ஒரே குழுவினர் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பெற்று, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்றிரவு மேடையிற் கூடுவர். கூட்டு ஒத்திகை இல்லை. ஒருவரையொருவர் முன்பு காணாதவராகவும் இருக்கலாம். ஆயினும் 'வள்ளி திருமணம்' விடியும்வரை நடைபெறும். இஃது எங்ஙனம் இயலும்? உலகம் பொதுவானது, பாட்டு பொதுவானது, பார்ட்டின் எல்லை அனைவரும் அறிந்தது. அவ்வெல்லைக்குள் வள்ளி வினவ, முருகன் விடையிறுக்க, உரையாடல் அவ்விடத்தே பிறக்கின்றது. முன்பின் அறியாதார் ஒரு கற்பனை உலகிற் கூடி ஆடும் இணைய விளையாட்டிற்கு இதனினும் நெருங்கிய ஒப்பு எம் நோக்கிற்குத் தென்படவில்லை.

இந்நாடகங்களுட் பெரும்பாலானவற்றை ஆக்கியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பகுதியிற் பிறந்த அவர், 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரையே சூட்டியது; அப்பள்ளியின் இயக்குநராக இருந்தவர் நந்தன் கதையை மீண்டும் நாடகமாக்கிய இந்திரா பார்த்தசாரதி. கனகசெட்டிக்குளத்து மாணவர் பாத்திரம் புனைந்த இல்லத்திற்கும் அப்பல்கலைக்கழகத்திற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதே.

இணைய உலகில் வேடமேற்று ஆடுவோர் தமக்குள் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. தன் பாத்திரம் வாளை ஓங்கியது என்று ஒருவர் கூறலாம். பிறர் பாத்திரம் வெட்டுண்டு வீழ்ந்தது என்று அவரே கூறலாகாது. வீழ்வதும் விலகுவதும் அப்பாத்திரத்திற்கு உரியவர் கூறவேண்டுவன. இது பகடைக்கும் முற்பட்ட விதி. கட்டியக்காரன் அரசனை எள்ளலாம். ஆயின் அரசனது பாட்டை அவன் பாடுவதில்லை. தன் எல்லையில் முழு உரிமையும் பிறர் எல்லையில் முழு அடக்கமும் கொள்ளுதலே உடனாடலின் அறம்.

உடனாடுவோரின் ஏற்பு எவ்வளவு வலியது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2004-இல் தொடங்கிய 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்னும் இணைய விளையாட்டை அதன் உரிமையாளர் 2012 நவம்பர் 30-இல் மூடினர். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த பாத்திரங்கள் ஒரே நாளில் இல்லையாயின. ஆட்டக்காரர் அவ்வுலகை மறக்கவில்லை. 2019 முதல் அவர்களே அதனை மீள இயக்கினர். 2024-இல் அவருள் ஒரு குழுவினர்க்கு உரிமையாளர் முறையான இசைவும் அளித்தனர். கணினியும் நிறுவனமும் உலகத்தின் உடலாகலாம், உயிர் ஆடுவோரிடத்தது.

7. வேடம் கலைதல்

பாத்திரம் புனைந்தவரின் பொறுப்பு எங்கு முடிகின்றது? இவ்வினாவைத் தம் வாழ்விற் சந்தித்தவராகச் சங்கரதாஸ் சுவாமிகளை நாடக உலகம் நினைவுகூர்கின்றது. இளமையில் அவர் இரணியன், எமன், சனீசுவரன் முதலிய அச்சந்தரும் வேடங்களைத் தாங்கினார். நளன் கதையில் சனீசுவரனாக நடித்துவிட்டு, வைகறையில் வேடம் கலைப்பதற்காக நீர்நிலைக்குச் சென்றபோது, அவரைக் கண்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர்நீத்தாள் என்றும், எமன் வேடத்தின் ஆரவாரத்தைக் கண்டு அவையிலிருந்த கருவுற்ற பெண்ணின் கரு சிதைந்தது என்றும் மரபுவழிச் செய்திகள் வழங்குகின்றன. இவற்றாற் பெரிதும் வருந்திய சுவாமிகள் வேடம் பூணுதலை விடுத்து, நாடகம் எழுதுதலையும் பயிற்றுதலையுமே மேற்கொண்டார் என்பர். 1918-இல் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை சிறுவர் பலரை நடிகராக்கியது. டி. கே. எஸ். உடன்பிறந்தார் அச்சபையிற் பயின்றவரே.

இச்செய்தியின் கருத்தை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். சுவாமிகளின் நடிப்பிற் குறையில்லை. வேடம் களரிக்கு வெளியே சென்றதே இடராயிற்று. திரையும் கட்டியக்காரனும் விளக்கும் இருக்குமிடத்தில் சனீசுவரன் பாத்திரம். நீர்த்துறையில் தனியே நிற்கும்போது அது வெறும் அச்சம். எல்லைக்குள் அறமாக நிற்பது எல்லை கடந்தபோது தீங்காகின்றது. ஆதலினன்றோ கூத்து மரபு வேடம் புனைதற்குரிய இடத்தையும் பொழுதையும் வரையறுத்துள்ளது! திரௌபதியம்மன் விழாவின் படுகளத்தில் மண்ணாற் பேருருவாகத் துரியோதனனை அமைத்து, வீமவேடத்தார் தொடையில் அடிப்பதும், திரௌபதி கூந்தல் முடிப்பதும் ஊரறிய நடைபெறுகின்றன. மண்ணுருவின்மேல் விழுவது அடி. வேடக்காரர் நலமாக இல்லம் திரும்புவார். பகையை ஆடித் தீர்த்து மீளுதற்கு மரபு கண்ட வழி இது.

மற்றொரு தீங்கும் உண்டு. வேடத்தின் இயல்பை வேடக்காரர்மேல் ஏற்றி அவரை இழித்தல் அது. கூத்தாடி என்னும் சொல் வசையாக வழங்கியதும், ஸ்பெஷல் நாடக நடிகையர் மேடைக்கு வெளியே இகழப்பெற்றதும் நம் சமுதாயத்தின் குற்றங்கள். இணைய விளையாட்டில் ஒருவர் பெண்ணாகவோ பகைவனாகவோ புகுந்தமை கொண்டு அவர் இயல்பைப் பழித்தலும் அக்குற்றத்தின் தொடர்ச்சியே. பாத்திரம் செய்ததற்குப் பாத்திரத்தையும், பாத்திரத்தின் மறைவில் நின்று பிறர் உள்ளத்தைப் புண்படுத்தியதற்கு ஆடியவரையும் பொறுப்பாக்குதலே முறை. இவ்வேறுபாட்டை அறிதல் எளிதன்று, ஆயினும் இன்றியமையாதது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். புதிய பாத்திரம் புனைதல் மேனாட்டுப் புதுமை மட்டுமன்று. அகப்பாட்டின் பெயரில்லா மாந்தர், கூத்தின் திரைவருகை, நாடகத்தின் பார்ட் ஆகிய ஒவ்வொன்றும் அதன் ஒவ்வோர் உறுப்பை முன்னரே வகுத்துள்ளது. பகடையும் கணினியும் பிற நாட்டில் தனியே தோன்றியவை. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று யாம் கூறவில்லை. மாந்தர் தாமல்லாத ஒருவராகக் கூடி ஆட முற்படும்போது, பெயரும் எல்லையும் குறையும் அவையும் எங்கும் வேண்டப்பெறுகின்றன என்பதே எம் துணிபு. அது வெறும் பொழுதுபோக்கும் அன்று. மூலத்தில் இல்லாத ஒரு வேதியர் தமிழகத்தின் மனச்சான்றை உறுத்தினார். தேர்ந்துகொண்ட ஒரு பெயர் புதுச்சேரியில் சமநிலைக்கு வாயிலாயிற்று. புனைவு உலகத்தில் தன் சுவட்டை விட்டே செல்கின்றது.

முதுகலை மாணவர் இத்துறையில் மேலும் ஆராய்தற்கு இடம் உண்டு. தமிழ் இளைஞர் இவ்வுலகங்களில் கொள்ளும் பெயர்கள் யாவை, எம்முன்கதைகளை எழுதுகின்றனர், காப்பிய மாந்தருள் யாரை நாடுகின்றனர் என்பனவற்றைத் தொகுத்தல் நன்று. கூத்துப் பனுவல்களைத் தொகுக்காது விட்டமையால் நேர்ந்த இழப்பை நாம் அறிவோம். இம்முன்கதைகளோ நிறுவனம் மூடிய அன்றே மறையக்கூடியவை.

கனகசெட்டிக்குளத்து மாணவரின் வில்லாளன் கடலுக்கு அஞ்சுபவன். 2004 டிசம்பர் 26-இல் புதுச்சேரிக் கடற்கரையை ஆழிப்பேரலை தாக்கியது. அன்று பிறவாத அம்மாணவர் அதனைத் தம் இல்லத்து மூத்தோர் வாயிலாகவே அறிந்தவர். ஏன் இக்குறையைத் தேர்ந்தீர் என்று யாம் வினவியபோது, வீட்டில் யாரும் கடலுக்கு அஞ்சுவதாகச் சொல்வதில்லை என்று மட்டும் விடையிறுத்தார். நாள்தோறும் கடலிற் செல்லும் குடியில் கூறலாகாத சொல் ஒன்றை மலைநாட்டு வில்லாளன் கூறுகின்றான். தலைவியின் வாய்கொண்டு தம் நெஞ்சைக் கூறிய பழம்புலவரின் நெறி இதுவே.